கைகோத்துக் கோட்டைத் தாண்டலாமா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு 34 வயது. கொங்குப் பகுதியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மலைப்பாதையில் நடக்கும் 75 கிலோமீட்டர் அல்ட்ரா ஓட்டம் (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) ஒன்றில் மூன்று ஆண்டுகளாக ஓடுகிறார். மூன்று ஆண்டும் பெண்கள் பிரிவின் முதல் இரண்டு இடங்கள் இவருக்கும், இவர் ‘அக்கா’ என்று அழைக்கும் 41 வயது ஓட்டக்காரருக்கும்தான் போயிருக்கின்றன. அக்கா இரண்டு முறை, இவர் ஒரு முறை.

சென்ற ஆண்டு 58-ஆவது கிலோமீட்டரில் இவர் வாந்தியெடுத்துப் பாறையில் சாய்ந்துவிட்டார். சமமாக ஓடிவந்த அக்கா நின்றார். 20 நிமிடம் கூடவே உட்கார்ந்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, அடுத்த எய்டு ஸ்டேஷன்வரை (ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீரும் உதவியும் கிடைக்கும் இடம்) நடத்திக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு இருவரும் அவரவர் வேகத்தில் ஓட, நான்கு நிமிட இடைவெளியில் அக்கா வென்றார்.

இந்த ஆண்டு ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம். “இந்தத் தடவை ரெண்டு பேரும் கைகோத்தே முடிப்போம்” என்று அக்கா வாட்ஸ்அப்பில் கேட்க, வாசகி “சரிக்கா” என்று பதில் போட்டுவிட்டார். முதல் பரிசு ₹1,00,000. இரண்டாம் பரிசு ₹60,000. ஒரு ஷூ கம்பெனியோடு வாசகிக்கு ஒப்பந்தம் இருக்கிறது. முதலிடம் வந்தால் ₹40,000 ஊக்கத்தொகை. இந்த ஆண்டு மலையிறக்கப் பயிற்சி நன்றாக அமைந்து, தனியாகவே வெல்ல முடியும் என்று தோன்றுகிறதாம். “டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயே ரெண்டு பேர் தங்கத்தைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் முதல் பரிசு வரும், யாருக்கு நஷ்டம்?” என்கிறார் கணவர். “இது மேட்ச் ஃபிக்சிங்” என்கிறார் பயிற்சியாளர்.

வாசகியின் கேள்விகள்: இது சட்டப்படி குற்றமா? தகுதிநீக்கம் செய்வார்களா? எழுதிக் கையெழுத்துப் போடாததால் இது ஒப்பந்தம் ஆகாதுதானே? பின்வாங்கினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா? அடுத்து இருவரும் பெயர் கொடுத்திருக்கும் ஒரு பேக்யார்டு ஓட்டத்திலும் (ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை சுற்றிச் சுற்றி ஓடுவது) இதேபோல் செய்யலாமா?

ஆலோசனை

அன்புள்ள சகோதரி,

நான்கு பக்கக் கடிதத்தில் கணவர் சொன்னது, பயிற்சியாளர் சொன்னது, அக்கா சொன்னது எல்லாம் இருக்கிறது. இந்த ஓட்டத்தின் விதிநூல் என்ன சொல்கிறது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அதில்தான். பதிவு செய்யும்போது ‘விதிகளை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். அமைப்பாளருக்கும் உங்களுக்கும் இடையில் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அதுதான். அக்காவுக்குப் போட்ட ‘சரிக்கா’ அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். இதற்காக உங்களை யாரும் காவல் நிலையத்துக்கு அழைக்கப்போவதில்லை. கர்நாடக பிரீமியர் லீக் சூதாட்ட வழக்கிலேயே, மேட்ச் ஃபிக்சிங் என்பது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு சொல்லும் ஏமாற்றுக் குற்றத்தில் அடங்காது, அதற்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது விளையாட்டு அமைப்பின் வேலை என்று 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஓட்டத்தில் பந்தயம் கட்டுகிறவர்கள் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆகவே பயிற்சியாளர் பயன்படுத்திய வார்த்தை கொஞ்சம் பெரிது. ஆனால் அவருடைய பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. குற்றம் இல்லாத எல்லாமே விதிக்கு உட்பட்டதாகிவிடாது.

கையைப் பிடித்தால் சமநிலை ஆகிவிடாது

ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தாண்டுவது கையோ காலோ தலையோ கிடையாது. உலகத் தடகள விதிப்படி உடலின் நடுப்பகுதி, அதாவது கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே உள்ள பகுதி, கோட்டின் முன்விளிம்பைத் தொடும் வரிசைதான் இடம். மைதானத்துக்கு வெளியே நடக்கும் நீண்ட ஓட்டங்களில் நேரத்தை அடுத்த முழு விநாடிக்கு உயர்த்தி எழுதுவார்கள். ஆகவே இருவருக்கும் ஒரே நேரம் பதிவாகியிருந்தும் ஒருவர் முதலிடம், மற்றவர் இரண்டாமிடம் என்று வரலாம். 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் ஜெர்மனியின் இரட்டைச் சகோதரிகள் அன்னா ஹானரும் லீசா ஹானரும் சிரித்தபடி கைகோத்து முடித்தார்கள். முடிவுப் பட்டியலில் 81, 82 என்று தனித்தனி இடம், ஒரு விநாடி வித்தியாசம். போதாக்குறைக்கு, போட்டியைக் குடும்ப ஓட்டம்போல ஆக்கிவிட்டார்கள் என்ற கண்டனம் வேறு, அதுவும் சொந்த நாட்டுத் தடகள அமைப்பிடமிருந்தே.

உங்கள் ஓட்டத்தில் சிப் வைத்து நேரம் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். திரையில் விநாடி மட்டும் தெரிந்தாலும் உள்ளே அதைவிட நுணுக்கமாகத்தான் பதிவாகும். ஷூவில் கட்டிய சிப் என்றால் எந்தக் கால் முன்னால் விழுந்தது என்பதே போதும், இருவரும் பிரிந்துவிடுவீர்கள். கோட்டுக்கு முன்னால் நின்று ‘நீங்க போங்க’, ‘நீங்க போங்க’ என்று தயங்குவது இன்னும் மோசம். கோட்டில் விரித்திருக்கும் நேரப்பதிவுப் பாய்க்கு அருகில் வந்தாலே சிப் பதிவாகிவிடலாம். பின்னால் வருகிறவருக்கும் வழி மறிக்கும்.

திட்டம் போட்ட சமநிலை விதியில் இடறி விழுந்ததற்கு நெடுந்தூரப் பந்தயங்களில் பெரிய உதாரணம் 1966-ன் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயம். முன்னணியில் இருந்த இரண்டு கார்களும் ஃபோர்டு நிறுவனத்துடையவை. கென் மைல்ஸ், டென்னி ஹல்ம் ஓட்டியது ஒன்று. புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன் ஓட்டியது மற்றொன்று. இரண்டும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டட்டும் என்று நிறுவனம் முடிவெடுத்தது. படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் மெக்லாரனின் கார் புறப்பட்ட இடம், வரிசையில் சில மீட்டர் பின்னால். அதே 24 மணி நேரத்தில் அது அந்தச் சில மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது, ஆகவே அதுவே வென்றது என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். அதே ஆண்டு டேடோனா, செப்ரிங் என்ற இரண்டு பெரிய நெடுந்தூரக் கார் பந்தயங்களையும் வென்றிருந்த மைல்ஸுக்கு மூன்றாவது பெரிய வெற்றி கைநழுவியது. இரண்டு மாதத்தில், ஆகஸ்ட் 17 அன்று, ஒரு சோதனை ஓட்டத்தில் அவர் இறந்துபோனார். இன்னொரு வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை.

ஒரே டோக்கியோ, இரண்டு தீர்ப்பு

உங்கள் கணவர் சொல்லும் தங்கப் பங்கீடு நடந்தது 2021 ஆகஸ்ட் 1 அன்று, உயரம் தாண்டுதலில். கத்தாரின் முதாஸ் பார்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்க்கோ தம்பேரியும் 2.37 மீட்டர்வரை ஒரு தவறும் இல்லாமல் தாண்டினார்கள்; 2.39-ல் ஆளுக்கு மூன்று முறை தோற்றார்கள். அதாவது போட்டி முழுவதும் முடிந்து, பிரிக்க வேறு கணக்கே இல்லாத நிலை. இனியும் தாண்டிப் பார்ப்பதா, பகிர்ந்துகொள்வதா என்ற தேர்வை விதியே அவர்களுக்குக் கொடுத்தது. 2024 பாரிஸில் அதே தேர்வு கிடைத்த இருவர் தாண்டிப் பார்ப்போம் என்றார்கள். நியூசிலாந்தின் ஹேமிஷ் கெர் வென்றார். இரண்டுமே முறைதான்.

அதே டோக்கியோவில் 2019 ஆகஸ்டில் நடந்ததையும் கணவரிடம் சொல்லுங்கள். ஒலிம்பிக்குக்கு முன்னோட்டமாக நடந்த டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) போட்டியில் பிரிட்டனின் ஜெசிகா லியர்மன்த்தும் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனும் எல்லோருக்கும் முன்னால் கைகோத்து வந்து கோட்டைத் தாண்டினார்கள். இருவருமே தகுதிநீக்கம். பிரிந்து முடிக்க முயற்சி எடுக்காமல் வேண்டுமென்றே உண்டாக்கும் சமநிலைக்குத் தகுதிநீக்கம் என்று டிரையத்லான் விதிநூலில் ஒரு வரி இருக்கிறது. மூன்றாவதாக வந்த பெர்முடாவின் ஃபுளோரா டஃபி வெற்றியாளர் ஆனார்.

இதற்கு நேர் எதிராக, அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடக்கும் ஹார்ட்ராக் 100 மைல் ஓட்டத்தில் 2016-ல் கிலியன் ஜோர்னேவும் ஜேசன் ஷ்லார்பும் 22 மணி 58 நிமிடம் 28 விநாடியில் ஒன்றாக வந்து, அங்கே முடிவுக்கோட்டின் இடத்தில் இருக்கும் பாறையை ஒன்றாக முத்தமிட்டார்கள். இருவரும் வெற்றியாளர்கள் என்றே பதிவானது. ஜோர்னே முந்தைய இரண்டு ஆண்டுகளும் தனியாக வென்றவர். ஓட்ட உலகில் அதற்கும் முணுமுணுப்பு வராமல் இல்லை. ஆனால் அங்கே பரிசுப்பணம் கிடையாது. தடுக்கும் விதியும் குறுக்கே வரவில்லை. 2018-ல் ரீயூனியன் தீவின் நீண்ட மலையோட்டத்திலும் பிரான்ஸுவா டேனும் பெனுவா ஜிரொந்தெலும் கூட்டாக வென்றார்கள். மலையோட்ட மரபு இதில் சாலை ஓட்டத்தைவிடத் தாராளமானது. நீங்கள் இருவரும் அந்த மரபைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருப்பீர்கள். ஆனால் மரபு என்பது அந்தந்த ஓட்டத்தின் விதிக்கு உட்பட்டது.

ஆகவே உங்கள் விதிநூலில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள்: இடம் தீர்மானிக்கும் முறை, பரிசு, பிறர் உதவி, ஆட்சேபம். பெரும்பாலும் சமநிலை பற்றி ஒன்றுமே இருக்காது. ஒன்றும் சொல்லாததால் அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தகைய விதிநூல்களின் கடைசியில் ‘ரேஸ் டைரக்டரின் முடிவே இறுதியானது’ என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். மௌனம் இருக்கும் இடத்தையெல்லாம் அந்த வரிதான் நிரப்பும். உலகத் தடகள விதிகளைப் பின்பற்றுவதாக உங்கள் ஓட்டம் அறிவித்திருந்தால், நேர்மையான முழு முயற்சியோடு போட்டியிட வேண்டும் என்ற கடமையும் அதோடு வந்துவிடும்.

மூன்றாவதாக வரும் பெண்ணை உங்கள் கடிதத்தில் யாருமே நினைக்கவில்லை. ‘யாருக்கு நஷ்டம்’ என்று கணவர் கேட்டாரே, அவருக்குத்தான் இதில் நேரடி அக்கறை. நீங்கள் இருவரும் தகுதிநீக்கம் ஆனால் முதல் பரிசு அவருக்கு. ஆட்சேபம் எழுப்பும் உரிமையும் அவருக்கு இருக்கும். உலகத் தடகள விதியில் அதற்கு முடிவு அறிவித்ததிலிருந்து 30 நிமிடம். உள்ளூர் ஓட்டங்களில் நேரம் மாறும். அவருடைய பயிற்சியாளர் கையில் உங்கள் வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம், வாக்கு, வாட்ஸ்அப்

‘ரெண்டு பேருக்கும் முதல் பரிசு’ என்றால் அமைப்பாளர் ₹2,00,000 கொடுக்க வேண்டும். எங்கிருந்து கொடுப்பார்? சமநிலையை ஏற்கும் ஓட்டங்களில் பொதுவான வழக்கம், முதல் இரண்டு பரிசையும் கூட்டிப் பாதியாக்குவது. ₹1,60,000-ல் பாதி ஆளுக்கு ₹80,000. தனியாக வென்றால் உங்களுக்கு ₹1,00,000-மும் ஊக்கத்தொகை ₹40,000-மும். இரண்டாமிடம் என்றால் ₹60,000. தகுதிநீக்கம் என்றால் ஒன்றுமில்லை, பெயரும் கெடும்.

ஊக்கத்தொகை சமநிலைக்கும் உண்டா என்பது ஷூ கம்பெனி ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ‘முதலிடம்’ என்று மட்டும் இருந்தால் கூட்டு முதலிடமும் முதலிடமே என்று நீங்கள் வாதாடலாம். ‘தனி வெற்றியாளர்’ என்று இருந்தால் வாதாட இடமில்லை. கம்பெனியின் பெயருக்குக் களங்கம் வரும் நடத்தைக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்யும் பிரிவு ஒன்றும் எங்கேயாவது இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த ‘சரிக்கா’. எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் என்பது பலருக்கும் உள்ள தவறான எண்ணம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன்படி வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். வாட்ஸ்அப்பில் சொன்னதும் செல்லும். உங்கள் உடன்பாட்டை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது கடினம் என்பதற்குக் காரணமே வேறு. அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, நோக்கம் ஏமாற்றாகவோ பொதுக்கொள்கைக்கு விரோதமாகவோ இருக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. அமைப்பாளருக்குத் தெரியாமல் முடிவை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது அந்த வலைக்குள் வந்துவிடும். இதில் உங்களுக்கு நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. பின்வாங்கினால் அக்கா உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. அதேபோல, ‘யாருக்குச் செக் வந்தாலும் பாதி பாதி’ என்று இரகசியமாகப் பேசியிருந்து, செக் வாங்கியவர் கைவிரித்துவிட்டால் மற்றவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியமாக வைக்க, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஓட்டத்தின் நடுவர் குழுவுக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். இதற்காக உரையாடலை அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் கள்ளத்தனம் ஆகிவிடும், அக்காவின் போனில் அது இருக்கவும் செய்யும். மனம் மாறியதை அதே உரையாடலில் பதிவு செய்வதே உங்களுக்குப் பாதுகாப்பு.

பரிசைப் பகிர ஆசை இருந்தால் நேர்வழி உண்டு. முழுமூச்சாக ஓடுங்கள், யாராவது ஒருவர் வெல்லுங்கள், பிறகு உங்கள் பணத்தில் உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள். வரிக்கணக்கில் மட்டும் கவனம். பரிசில் வரிப் பிடித்தம் இருந்தால் அது வென்றவரின் பான் எண்ணில்தான் ஏறும், முழுப் பரிசும் அவருடைய வருமானம்தான். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் அன்பளிப்பு ₹50,000-ஐத் தாண்டினால் வாங்குகிறவருக்கும் அது வரிக்குரியது. வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டாலும் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் உறவினர் அல்லர்!

ஒருவர் வெல்வதற்காக மற்றவர் வேகத்தைக் குறைப்பது இதைவிட ஆபத்தானது. 2024 ஏப்ரலில் பெய்ஜிங் அரைமாரத்தானில் கென்யர் இருவரும் எத்தியோப்பியர் ஒருவரும் கோட்டுக்கு அருகில் வேகத்தைத் தணித்து, சீன வீரர் ஹெ ஜியேயை முன்னே விட்டார்கள். வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. விசாரணைக்குப் பிறகு நால்வரின் இடமும் பதக்கமும் பரிசும் பறிபோயின. வென்றவருடையதும்தான். கடைசிக் கிலோமீட்டரில் நீங்கள் அக்காவுக்காகக் காத்து நின்றால், பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஓடும்போதே என்ன கெடும்

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஆறு வாரத்துக்கு முன்பே வாக்குக் கொடுப்பது ஓட்டத்தையே கெடுக்கும். 75 கிலோமீட்டரில் இருவருக்கும் சோர்வு ஒரே இடத்தில் வராது. ஏற்றத்தில் அக்கா வலுவானவர், இறக்கத்தில் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்குக் கொடுத்துவிட்டால் ஏற்றத்தில் நீங்கள் உங்கள் அளவைத் தாண்டி அவரைத் துரத்துவீர்கள். சென்ற ஆண்டு 58-ஆவது கிலோமீட்டர் வாந்திக்கும் அத்தகைய துரத்தல் ஒரு காரணமா என்று பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். கடும் வேகத்தில் வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து, குடித்ததும் தின்றதும் செரிக்காமல் தேங்கித் திரும்பி வருவது நெடுந்தூர ஓட்டத்தில் சாதாரணம். இறக்கத்தில் அக்கா உங்களைத் துரத்துவார். களைத்த தொடையோடு சறுக்கலில் துரத்தினால் கணுக்கால் போகும். முன்னால் போனவர் எய்டு ஸ்டேஷனில் காத்திருந்தால் வியர்வை நனைந்த சட்டை மலைக்காற்றில் குளிர்ந்து, பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். வேறொரு நஷ்டமும் இருக்கிறது. சர்வதேச மலையோட்டச் சங்கம் (ஐடிஆர்ஏ) ஓட்டக்காரருக்குத் தரும் மதிப்பெண் நீங்கள் முடித்த நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. எத்தனையாவதாக வந்தீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அங்கே மதிப்பெண் குறையும்.

சென்ற ஆண்டு அக்கா செய்தது இந்த வகையில் சேராது. விழுந்தவருக்காக நிற்பதைப் பல மலையோட்ட விதிகள் கடமையாகவே வைத்திருக்கின்றன. உதவியவர் இழந்த நேரத்தைத் திருப்பித் தரும் ஓட்டங்களும் உண்டு. அந்த 20 நிமிடத்தை அமைப்பாளருக்கு எழுதித் தெரிவித்தீர்களா? இல்லையென்றால் இப்போதும் எழுதலாம். உங்கள் நன்றிக்கு அது பொருத்தமான இடம். முதலிடத்தில் பாதி அந்த உதவிக்குக் கூலி என்று அக்காவே நினைத்திருக்க மாட்டார்.

பேக்யார்டு ஓட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே இந்த யோசனையை மறந்துவிடுங்கள். மணிக்கு ஒரு சுற்று, 6.706 கிலோமீட்டர், கடைசியாக நிற்பவர் மற்றவரைவிட ஒரு சுற்று கூடுதலாக முடித்தால்தான் வெற்றி. அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் ‘டிஎன்எஃப்’, அதாவது ஓட்டத்தை முடிக்கவில்லை என்ற பதிவுதான். 2022 அக்டோபரில் பெல்ஜியத்தின் மெரைன் ஹேர்ட்ஸும் ஈவோ ஸ்டேயார்ட்டும் 101 மணி நேரம், சுமார் 677 கிலோமீட்டர் ஓடி, இருவரும் ஒன்றாக நிறுத்திக்கொண்டார்கள். அதற்குமுன் யாரும் எட்டாத எண்ணிக்கை. ஆனால் விதிப்படி வெற்றியாளர் இல்லை, இருவருக்கும் டிஎன்எஃப். அதைத் தெரிந்தேதான் அவர்கள் நிறுத்தினார்கள். நீங்களும் தெரிந்தே செய்தால் அது உங்கள் விருப்பம்.

இனி செய்ய வேண்டியது

என் கருத்து இது: முன்கூட்டிய வாக்கை இப்போதே திரும்பப் பெறுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரில், யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல், இருவரும் உண்மையாகவே தோளோடு தோள் வந்து சேர்ந்து, விதியும் இடம் கொடுத்தால், அங்கே முடிவெடுத்துக்கொள்ளலாம். அப்போதும் முடித்த கையோடு நடுவரிடம் நீங்களே போய் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

விதி இடம் கொடுக்குமா என்று தெரிந்துகொள்ள ரேஸ் டைரக்டருக்கு இந்த வாரமே உங்கள் பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். நீட்டி முழக்க வேண்டாம்:

“75 கி.மீ. பெண்கள் பிரிவில் இருவர் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டினால் இடம் எதை வைத்து முடிவாகும் – துப்பாக்கி நேரமா (தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணுவது), சிப் நேரமா, நடுவர் பார்வையா? கூட்டு முதலிடம் அறிவிக்கப்படுமா? அறிவித்தால் பரிசுத்தொகை எப்படிப் பிரியும்? இருவர் பேசிக்கொண்டு ஒன்றாக முடிப்பதை உங்கள் விதி தடுக்கிறதா?”

பதில் வந்தால் சேமித்து வையுங்கள், அக்காவுக்கும் அனுப்புங்கள். வராவிட்டால் ஓட்டத்துக்கு முந்தைய நாள் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். அங்கே கேட்கக் கூச்சமாக இருந்தால், அந்தத் திட்டத்தைப் பற்றி உங்கள் மனமே என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடும்.

அக்காவிடம் வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்காதீர்கள். நேரில் பாருங்கள், இல்லையென்றால் போனில் பேசுங்கள். அவருக்கு 41 வயது. நீங்கள் வேகமெடுத்து வருவது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தோற்பதற்குமுன் ஒருமுறை சேர்ந்து வென்றுவிடலாம் என்று அவர் நினைத்திருந்தாலும் அதில் கேவலம் ஒன்றுமில்லை. மனதார உங்கள்மேல் உள்ள பிரியத்தில் கேட்டிருக்கவும் கூடும். எதுவானாலும் ‘விதி விடாதுக்கா’ என்று விதியின்மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்காதீர்கள். நாளைக்கே ரேஸ் டைரக்டர் ‘தாராளமாகச் செய்யுங்கள்’ என்று பதில் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்குத் தனியாக வெல்ல ஆசை இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்:

“அக்கா, போன வருஷம் நீங்க பண்ணினதை என்னைக்கும் மறக்க மாட்டேன். கைகோத்து முடிக்கலாம்னு நீங்க கேட்டதும் யோசிக்காமச் சரின்னுட்டேன், தப்பு என்மேலதான். இந்த வருஷம் நான் முழுசா ஓடிப் பாக்கணுங்க்கா. நீங்களும் எனக்காக எங்கயும் நிக்காதீங்க. விழுந்தா மட்டும் நிப்போம், ரெண்டு பேருமே.”

பேசி முடித்த பிறகு, இருவரும் அவரவர் ஓட்டத்தை ஓடுவதாகப் பேசிக்கொண்டதை அதே வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியாகப் போட்டுவையுங்கள். பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள், இறக்கப் பயிற்சி அட்டவணையை மாற்றியமைக்க அவருக்கு ஆறு வாரம் இருக்கிறது. இன்னொன்று: பயிற்சியில் இறக்கத்தில் 20 நிமிடம் முன்னால் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 50 கிலோமீட்டர் ஓடிய தொடையோடு இறங்கும்போது அந்தக் கணக்கு மாறும். அக்கா உங்களை வெல்ல இந்த ஆண்டும் நல்ல வாய்ப்பு இருக்கிறது.